அடியிலிருந்து தொடங்கு: முதல் பழைய கார் எடுக்கும் தம்பிமாருக்கு

பழைய கார் ஒன்றை வாங்கி நானே திருத்தப்போகிறேன் என்று என் கராஜ் வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகள் இந்த நாலைந்து வருடத்தில் கூடிவிட்டார்கள். காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் வளவு மூலையில் கோழி அடைந்துகொண்டிருந்த கார்களுக்கும் விலை பேச ஆள் வந்தது. வருகிற பிள்ளைகளுக்கு ஆசை இருக்கிறது, கையும் ஓடுகிறது. இல்லாதது வரிசை. முதலில் காரின் பதிவுப் புத்தகம், பிறகு அடித்தகடு, பிறகு பிறேக், அதற்குப் பிறகு எஞ்சின், எல்லாம் முடிந்தபின் பெயின்ற். இதைத் தலைகீழாகச் செய்த கார்கள் தம்பிலுவில்லிலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் மினுங்கிக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. இனி ஒருவருடைய காசும் உழைப்பும் அப்படி வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

1. புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்க முதல் பொனட்டைத் திறக்காதே. புத்தகத்தில் உள்ள செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் காரில் உள்ளவையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மொறிஸ் மைனர் என்றால் செசி நம்பர் பொனட்டுக்குள் பின்சுவர்த் தகட்டிலும், எஞ்சின் நம்பர் டைனமோவுக்கு மேலே புளொக்கில் அறைந்த சிறு தகட்டிலும் இருக்கும். அழுக்கு மூடியிருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடை. அரமோ எமரித் தாளோ படக்கூடாது. தேய்த்த தகட்டைக் கண்டாலே பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரும், அந்தச் சந்தேகத்தை நீ ஒருநாளும் தீர்த்துவைக்க மாட்டாய்.

உடைந்த காரின் புத்தகத்தை மட்டும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வேறொரு காரின் உடம்பில் அந்த நம்பரைப் பொருத்தித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே குற்றம், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சொந்தக்காரர் காலமாகி, பிள்ளைகள் பெயர் மாற்றாமல் விட்ட கார் என்றால் முதலில் அவர்கள் தங்களுக்குள் மாற்றி முடிக்கட்டும். கையெழுத்துப் போட்டு ஆள் பெயர் எழுதாமல் கைமாறிவரும் ஓப்பின் பேப்பரை நம்பி முழுக்காசையும் கொடுக்காதே. வருட லைசன்ஸ் எத்தனை வருடம் கட்டவில்லை, அபராதத்தோடு எவ்வளவு வரும் என்பதைத் திருக்கோவில் பிரதேச செயலகத்தில் கேட்டறிந்த பிறகு விலை பேசு.

பழைய நம்பர் பலகையை மாற்றவும் வேண்டாம். இங்கிலீஷ் எழுத்து நம்பர் என்றால் கார் பெரும்பாலும் 1957க்கு முந்தியது. அந்த வருடத்தில்தான் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது, அதை எதிர்த்து வடக்குக் கிழக்கில் போராட்டமும் நடந்தது. ஒரு பலகையில் அவ்வளவு சரித்திரம் கிடக்கிறது.

2. முதல் காருக்கு மொறிஸ் மைனர் 1000, இல்லாவிட்டால் கேஈ70 வகை டொயோட்டா கொரோலா. இரண்டிலும் எஞ்சின் நீளவாக்கில் கிடக்கிறது, இழுவை பின்சில்லில், கை போக இடம் உண்டு. கொரோலாவின் 4கே எஞ்சின் 1290 சீசீ. அதைத் தெரியாத மெக்கானிக் இலங்கையில் இல்லை. ஆனால் தகடு மெல்லியது, கறள் பிடித்தால் விரைவாகத் தின்றுவிடும். மைனர் 1948இல் வந்த கார். அலெக் இசிகோனிஸ் வரைந்தது. 1956இல் 948 சீசீ எஞ்சினும் 1962இல் 1098 சீசீ எஞ்சினும் வந்தன. மொத்தம் 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். படிக்க வருகிறவனுக்கு அதைவிட நல்ல ஆசிரியரை நான் காணவில்லை. ஒவ்வொரு பாகமும் தான் என்ன செய்கிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டும்.

அதே இசிகோனிஸ் 1959இல் கொண்டுவந்த மினி அழகான கார்தான். ஆனால் எஞ்சின் குறுக்கே கிடக்கிறது, கியர்பொக்ஸ் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறது, அடியில் உள்ள சப்ஃபிரேம் கறளுக்கு முதல் இரை. இரண்டாவது காராக எடு. கொம்பியூட்டர் வைத்த 1990களின் பெரிய கார்கள் மலிவாகக் கிடைக்கும், அவற்றின் பக்கம் இப்போதைக்குப் போகாதே.

பழைய கார்களால் என்ன முடியும் என்று கேட்டால் 1990களின் யாழ்ப்பாணத்தைப் பார். பெற்றோல் போகாத பொருளாதாரத் தடைக் காலத்தில் மொறிஸ், ஒஸ்ரின் கார்களைக் காபரேற்றரில் துளிப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளிகளும் போனார்கள், மாப்பிள்ளை பெண்ணும் போனார்கள். எஞ்சினுக்கு அது நல்லதல்ல: மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும், உள்ளே கரி பிடிக்கும். ஆனாலும் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். அந்தக் கைகளிடம் படித்தவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், தேடிப்போய்க் கேள்.

3. காரைப் பார்க்கப் போகும்போது பழைய சாரம் ஒன்றும், டோர்ச்சும், சின்னக் காந்தமும், பிடி கனத்த ஸ்குறூ டிறைவரும் கொண்டு போ. சாரத்தை விரித்துப் படுத்து அடியைப் பார். விற்கிறவர் மேலே மினுக்கி வைத்திருப்பார், அடியை யாரும் மினுக்குவதில்லை.

மைனரில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. கதவுக்குக் கீழே நீளத்துக்கு ஓடும் பெட்டித் தகடு. முன் இருக்கைக்கு அடியில் குறுக்கே போகும் பெட்டி. ஜக் வைக்கும் இடம். எல்லாவற்றிலும் முக்கியம், பின் ஸ்பிரிங்கின் முன்முனை பூட்டியிருக்கும் இடம். இந்தக் காருக்குத் தனிச் செசி கிடையாது, இந்தப் பெட்டிகள்தான் காரைத் தாங்குகின்றன. ஸ்குறூ டிறைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போ. நல்ல தகடு கணீரென்று சொல்லும், உக்கினது மந்தமாகச் சத்தம் போடும். சந்தேகமான இடத்தில் முனையை வைத்து அழுத்து. உள்ளே போனால் அதைச் சொந்தக்காரருக்குக் காட்டி, விலையில் பேசு. துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பக்கத்திலும் மட்கார்டிலும் ஓட்டிப் பார். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே தகடு இல்லை, பள்ளத்தை நிரப்பிய பட்டி இருக்கிறது.

பிறகு கதவுகளை ஒவ்வொன்றாக மெல்லத் திறந்து மூடு. மூடும்போது தூக்கி மூட வேண்டியிருக்கிறதா? கதவின் மேல் இடைவெளி ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கியிருக்கிறதா? பிணைச்சல் தேய்ந்தாலும் அப்படி இருக்கும், கார் நடுவில் தொய்ந்தாலும் அப்படி இருக்கும். கதவைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் பிணைச்சல் தேய்மானம் தெரிந்துவிடும். பிணைச்சல் இறுக்கமாக இருந்தும் இடைவெளி பிழைத்தால், அது நடு உடைந்த கார். முதல் வேலைக்கு அது வேண்டாம்.

4. கடல் குடித்த காரை எடுக்காதே. 2004 டிசெம்பர் 26இல் இலங்கையில் ஆகக் கூடிய உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். அந்த இழப்புக்கு முன்னால் கார் ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் அன்று உப்புத்தண்ணீரில் கிடந்து, பிறகு கழுவி விற்கப்பட்ட வாகனங்கள் பல கைமாறிப் போயின என்பதால் சொல்கிறேன். உப்பு ஒருமுறை பெட்டித் தகட்டுக்குள் போய்விட்டால், காற்றில் உள்ள ஈரத்தை அது தானே இழுத்து வைத்துக்கொண்டு உள்ளிருந்து தின்னும். வெளியே தெரியும்போது உள்ளே ஒன்றும் மிஞ்சியிராது.

நல்ல தண்ணீர் வெள்ளத்தில் நின்ற கார் வேறு. மாரியில் இங்கே எத்தனையோ வாகனம் நனைகிறது, உடனே பிரித்து உலர்த்தினால் பிழைக்கும். இரண்டையும் பிரித்தறிய, கதவின் உட்பலகையைக் கழற்றிப் பார். தண்ணீர் நின்ற மட்டம் கோடாகத் தெரியும். இருக்கை ஓடும் தண்டவாளத்தில் மண் இருக்கிறதா பார். ஏதாவது ஒரு வயரின் முனையைச் சீவிப் பார். செம்பு மினுங்கினால் நல்லது. உள்ளே தூரத்துக்குப் பச்சை பிடித்திருந்தால் அந்தக் கார் உப்பைக் கண்டிருக்கிறது.

இதனால்தான் பண்டாரவளை, பதுளைப் பக்கம் நின்ற காரைக் கடலோரத்தில் நின்ற காரைவிட நான் விரும்புகிறேன். அங்கே மழை உண்டு, ஆனால் உப்புக் காற்று இல்லை.

5. காசு. வாங்குகிற விலையளவு காசு இன்னொரு மடங்கு கையில் இல்லாமல் தொடங்காதே. வீட்டு நகையை அடகு வைத்து முதல் காரைத் திருத்தாதே. விற்று இலாபம் எடுக்கலாம் என்ற கணக்கிலும் வராதே; இறக்குமதி நின்றபோது ஏறிய விலை இறக்குமதி வந்ததும் எப்படி ஆடுகிறது என்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

6. இடத்தைச் சரிப்படுத்தியபின் காரைக் கொண்டுவா. நம் ஊர் மணல். ஜக் மணலில் ஒருபக்கம் சாயும், சாய்ந்தால் கீழே இருப்பவன் எழும்பமாட்டான். நாலு சில்லும் நிற்கக் கொங்கிறீற் போட முடியாவிட்டால், தடித்த பலகை கீழே வைத்து அதன்மேல் ஜக்கை வை. தூக்கியபின் இரும்பு ஸ்டாண்டில் இறக்கு. கொங்கிறீற் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துவதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும், அந்தக் கல் சொல்லாமல் வெடிக்கும். ஜக்கில் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே ஒரு கணமும் தலையை நீட்டாதே. என் கராஜில் வேலை பழக வருகிறவன் ஸ்பனரைத் தொட முதல் படிப்பது இதைத்தான்.

மேலே தகரக் கூரை போதும். கடல் பக்கம் மறைப்பு வேண்டும், மற்றப் பக்கம் காற்றோடட்டும். புல்லின்மேல் நிறுத்தாதே, கீழிருந்து ஈரம் ஏறும். பொலித்தீனால் இறுகப் போர்த்தாதே, உள்ளே வேர்க்கும். கழுவுகிற தண்ணீரை நாக்கில் வைத்துப் பார். கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீரால் அடித்தகட்டைக் கழுவுவது கேடு.

இன்னொன்று. கழிவு ஒயிலை மணலில் ஊற்றாதே. நம் மணலில் ஊற்றியது கிணற்றுக்குப் போக நாள் எடுக்காது, கிணறும் ஆழமில்லை. கானில் சேர்த்து, எடுக்கிறவரிடம் கொடு. அதைக் கறளுக்கு மருந்தென்று அடியில் பூசுகிறவர்களும் உண்டு. எரிந்த ஒயிலில் அமிலம் இருக்கிறது, காருக்கும் நல்லதல்ல, மண்ணுக்கும் நல்லதல்ல.

7. முழுக்காரையும் பிரிக்காதே. பிள்ளைகள் எல்லாரும் செய்ய விரும்புவது அதைத்தான். ஒரு கிழமையில் கார் பெட்டி பெட்டியாகிவிடும், படம் எடுத்துப் போடுவார்கள், பிறகு ஆறுமாதம் கழித்து எந்த நட்டு எங்கே என்று தெரியாது. ஒரு பகுதியைப் பிரி, சுத்தப்படுத்து, தேய்ந்ததை மாற்று, பூட்டு, அதற்குப் பிறகு அடுத்ததைத் தொடு. பிரிக்க முதல் போனால் படம் எடு. கழற்றிய நட்டுகளை யோகட் கப்பில் போட்டு, எந்த இடத்தில் கழற்றியது என்று தாளில் எழுதி உள்ளே வை. கழற்றிய போல்ட்டை முடிந்தால் அதே துளையில் பாதி முறுக்கி விட்டுவிடு. இதைவிடப் பாதுகாப்பான இடம் அதற்கு இல்லை.

8. தகடு வெட்டும் வேலையை ஒட்டுக்காரர் செய்யட்டும், ஆனால் பக்கத்தில் நில். நீ தெரிந்திருக்க வேண்டியவை சில. உக்கின தகட்டின்மேல் புதுத்தகடு வைத்து ஒட்டக் கூடாது. நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, அதோடு ஒட்ட வேண்டும். தாங்கும் இடங்களுக்கு 18 கேஜ் தகடு, வெளித்தோலுக்கு 20 கேஜ். வேலிக்குப் போடும் தகரத்தைக் கொண்டுவந்து தராதே. அதிலுள்ள நாகம் எரியும் புகை ஆளைக் காய்ச்சலில் போடும், ஒட்டும் சரியாகப் பிடியாது.

கதவடிப் பெட்டியை வெட்ட முதல் கதவுத் துவாரத்துக்குள் கோணக்கம்பி ஒன்றைக் குறுக்காக ஒட்டிவிடச் சொல். ஒரு பக்கத்தை முடித்துக் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்தபின்தான் மற்றப் பக்கம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டிய கார் வாழைப்பழம்போல் வளைந்துபோகும், அதை நிமிர்த்த எவராலும் முடியாது.

பற்றரியைக் கழற்று. பெற்றோல் தாங்கியைக் கழற்றி அடுத்த வளவுக்குக் கொண்டு போ. வெறும் தாங்கிதானே என்று விடாதே. நிறைந்த தாங்கியைவிட வெறும் தாங்கிதான் பயங்கரம், காற்றோடு கலந்த ஆவிதான் வெடிக்கிறது.

9. மைனரின் முன்சில்லை முறித்துப்போடும் ஒரு பாகம் உண்டு. பெயர் ட்றனியன். சில்லைத் தாங்கும் தூணின் மேலும் கீழும் மரை வெட்டி முறுக்கியிருக்கும் கட்டி அது. ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. கிறீஸ் காணாவிட்டால், மணலும் தண்ணீரும் போய் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்றுவிடும். சில்லு மட்கார்டுக்குள் மடிந்து, காரின் மூக்கு ரோட்டில் குத்தும்.

பார்க்கும் விதம் இது. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வை. சில்லின் மேல்விளிம்பை ஒரு கையாலும் கீழ்விளிம்பை மறு கையாலும் பிடித்து, உள்ளும் வெளியுமாக ஆட்டு. கூட ஒருவன் டோர்ச்சோடு உள்ளே பார்க்கட்டும். சில்லோடு சேர்ந்து தூண் அசைந்து, கீழ்க்கட்டி அசையாமல் நின்றால் மரை போய்விட்டது. எழுத்தாணி முனைபோல் கூராகத் தேய்ந்த மரையை நீ கழற்றிக் கையில் எடுத்துப் பார்க்கும்போது, இவ்வளவு நாளும் இந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றினார்களே என்று வயிறு கலங்கும். புதிதாகப் போடு, காசைப் பார்க்காதே. அதன்பின் 1000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் துவக்கை வைத்துப் பழைய கறுத்த கிறீஸ் பிதுங்கிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடி. கடற்கரை மணலில் ஓடும் காருக்கு அதற்கும் முந்தி அடித்தாலும் நல்லதே.

10. ஓடுவதற்கு முதல் நிற்க வேண்டும். எஞ்சினைத் தொட முதல் பிறேக்கை முழுதாகச் செய். மைனரில் நாலு சில்லுக்கும் டிறம் பிறேக், எல்லாவற்றுக்கும் எண்ணெய் போவது ஒரே வழியில். ஒரு குழாய் ஒழுகினால் நாலும் போய்விடும், மிச்சம் கைபிறேக் மட்டும். ஆகவே பழைய றப்பர் குழாயை வெளியில் பார்த்து நல்லதென்று சொல்லாதே. உள்ளே வீங்கி அடைத்திருக்கும், மிதியை விட்டபின்னும் சில்லு பிடித்துக்கொண்டே இருக்கும். குழாய், சில்லுச் சிலிண்டரின் கப், மாஸ்டர் சிலிண்டரின் கப் எல்லாம் புதிது. மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது; அதைக் கழற்றப் பொறுமை வேண்டும், அதனால்தான் பலர் தொடாமல் விட்டிருப்பார்கள். நீ தொடு.

பிறேக் ஒயில் முடிந்ததென்று எஞ்சின் ஒயிலை ஒரு துளியும் விடாதே. கப் றப்பர் ஊதிப் பிறேக் இறுகிவிடும். பிறேக் ஒயில் பெயின்றில் பட்டால் தின்னும், பட்ட உடனே தண்ணீரால் கழுவு. டிறம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாதே, வாயால் ஊதாதே. பழைய பிறேக் லைனரில் அஸ்பெஸ்ரஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறி.

11. பல வருடம் நின்ற எஞ்சினுக்கு உடனே பற்றரி கொடுக்காதே. நாலு பிளக்கையும் கழற்று, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஒயில் விடு, ஓர் இரவு விட்டுவிடு. மறுநாள் கையால் சுற்று. மைனரின் முன்பக்கத்தில் கைப்பிடி போடத் துளை இருக்கிறது. கைப்பிடியைப் பிடிக்கும்போது பெருவிரலும் மற்ற நாலு விரலும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும், சுற்றிப் பிடிக்காதே. எஞ்சின் திருப்பி அடித்தால் பெருவிரல் முறியும். மேல்நோக்கி இழு, கீழ்நோக்கி அழுத்தாதே.

சுலபமாகச் சுற்றினால் ஒயிலை மாற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுற்றி ஒயிலை மேலே ஏற்று. தாங்கியில் கிடக்கும் பழைய பெற்றோல் பிசினாகியிருக்கும், அதைக் காபரேற்றருக்கு விடாதே. வெளியே சின்னக் கானில் புதுப் பெற்றோல் வைத்துக் குழாய் கொடு. மைனருக்குப் பொயிண்ட் இடைவெளி 15 தௌ, வால்வு 12 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்கு). நாலு சிலிண்டரின் அமுக்கமும் ஒன்றுக்கொன்று பத்துவீதத்துக்குள் இருந்தால் எஞ்சினைக் கழற்றாதே. ஓடட்டும்.

ஒன்று மட்டும் கவனி. இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றுவிட்டது. மைனர் போன்ற பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைக்கு அந்த ஈயம்தான் மெத்தையாக இருந்தது. இப்போது கடும் ஓட்டம் ஓடினால் வார்ப்பிரும்பு இருக்கை மெல்ல மெல்லத் தேயும், வால்வு இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டு வரும். எப்போதாவது ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் லேத்தில் கடின இருக்கை போட்டுக்கொள். அதற்காக ஹெட்டைக் கழற்ற ஓடாதே.

12. வயரிங்கைத் தொட முதல் பற்றரியின் எந்த முனை உடம்பில் பூட்டியிருக்கிறது என்று பார். மைனர் செய்து வந்த காலத்தில் கூட்டல் முனைதான் உடம்பில். இன்றைய கார்களில் கழித்தல். பலரும் மாற்றியிருப்பார்கள், மாற்றியதை எழுதியிருக்க மாட்டார்கள். தெரியாமல் புதுப் பற்றரியை மாறிக் கொடுத்தால், ரேடியோவோ ஆல்டனேற்றரோ போட்டிருந்தால் அந்த நொடியே எரியும். பழைய லூக்காஸ் வயரில் நிறம் பேசும்: கபிலம் பற்றரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிஷன், நீலம் பெரிய லைட், கறுப்பு உடம்பு. பியூஸ் இரண்டுதான். உடைந்த காப்புறை கொண்ட வயரை டேப் சுற்றி ஏமாற்றாதே, அந்த நீளத்தையே மாற்று. கடலோரத்தில் விளக்கு எரியாத வியாதிகளில் பெரும்பங்கு உடம்பில் பூட்டும் இடத்தில் பிடித்த கறள்தான். சுரண்டி, கிறீஸ் பூசிப் பூட்டு.

13. பாட்ஸுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போகத்தான் வேண்டும். சென்னைக்காரருக்குப் புதுப்பேட்டை எப்படியோ நமக்கு அது. பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போ, வாயால் விளக்கி வாங்க முடியாது. மைனர் வைத்திருப்பவனுக்கு இன்னொரு ஆறுதல் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் திருத்தும் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பவர், நம் நாட்டு வர்த்தகர் தனபால சமரசேகரவோடு சேர்ந்து, 1990களின் தொடக்கத்தில் டியூறபிள் கார் கம்பனியை இலங்கையில் தொடங்கினார். மைனருக்கான தகடுகளும் பாகங்களும் இலங்கைக் கைகள் செய்து இங்கிலாந்துக்குப் போயின. நல்ல காரை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதைவிட, பாகம் பாகமாகப் புதுப்பித்துக் காலமெல்லாம் ஓட்டுவதே மலிவு என்பது வெயரின் வாதம். அந்தக் காரைச் செய்த நாட்டுக்கே பாகம் செய்துகொடுத்த நாடு இது. நம் லேத்துக்காரராலும் டிங்கர் பாஸாலும் முடியாது என்று நினைத்துவிடாதே.

14. பாஸ்மாரை மதி. அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் லேத், ரேடியேற்றர், குஷன் வேலைக்கு நாம் போவது பெரும்பாலும் முஸ்லிம் காக்காமாரிடம், அவர்களின் கார் நம் கராஜுக்கு வருகிறது. பொல்லாத காலங்களிலும் அறுபடாமல் நின்ற உறவு இது. அதை உன் அவசரத்தால் கெடுக்காதே. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் போய் வாசலில் நிற்காதே. விலையை முதலே பேசு, பேசியதை அன்றே கொடு. பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேள். வேண்டாமென்று சொல்கிறவர் குறைவு.

15. பெயின்ற் கடைசி. நம் பக்கத்தில் வாடை வீசும் மாதங்களில் பழைய வகை என்சி பெயின்ற் அடித்தால் ஈரம் பட்டு வெளிறிப் பால் பூத்துவிடும். கச்சான் அடிக்கும்போது ஈரம் இல்லை, ஆனால் புழுதி ஒட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட அமைதியான காலை நேரம் பார், நிலத்தைத் தண்ணீர் தெளித்து அடக்கு. டூகே பெயின்ற் என்றால் துணி முகமூடி போதாது. அதன் ஆவி நெஞ்சைக் கெடுக்கும், அதற்குரிய இடமும் மூச்சுக்கருவியும் உள்ளவரிடம் கொடு. பட்டி கைவிரல் நகத்தின் தடிப்பைத் தாண்ட வேண்டாம். பெட்டித் தகடுகளின் உள்ளே மெழுகு மருந்து அடித்து, கீழே உள்ள வடிதுளைகளைக் கம்பியால் திறந்து விடு. அந்தத் துளையைப் பெயின்றால் அடைத்துவிட்டால் நீ செய்த வேலை முழுதும் உள்ளிருந்து கெடும்.

16. முதல் ஓட்டம் ஒழுங்கைக்குள். இரண்டாம் கியருக்கு மேல் போகாதே, பத்து இடத்தில் நிறுத்திப் பார். நேரே நிற்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா? திரும்பி வந்து ஒவ்வொரு டிறம்மையும் புறங்கையால் கிட்டப் பிடித்துப் பார், ஒன்று மட்டும் சுட்டால் அது பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒழுகல் இல்லையென்று தெரிந்தபின் புகைப் பரிசோதனை எடுத்து, இன்சூரன்ஸ் போட்டு, லைசன்ஸ் எடுத்துத்தான் மெயின் ரோட்டில் ஏற வேண்டும். ஏ4 வீதியில் பொத்துவில் பக்கம் போனால் இராத்திரியில் மாடு படுத்திருக்கும், யானையும் வரலாம். இந்தக் காரின் பிறேக்கும் லைட்டும் இன்றைய காருடையவை அல்ல என்பதை நினைவில் வைத்துப் பகலில் ஓட்டு. 50 கிலோமீற்றர் ஓடியதும் சில்லு நட்டுகளை மறுபடி இறுக்கு. 500 ஓடியதும் ஒயிலை மாற்று, வடித்த ஒயிலை வெள்ளைத்துணியில் ஊற்றி மினுங்கும் துகள் இருக்கிறதா பார். ட்றனியனுக்குக் கிறீஸ் அடித்த திகதியையும் மைலையும் பொனட்டின் உட்புறத்தில் பெயின்றால் எழுதிவிடு. வயரிங்கில் முனை மாற்றியிருந்தால் அதையும் பற்றரிக்குப் பக்கத்தில் எழுது. உனக்குப் பிறகு அந்தக் காரை எடுப்பவன் முதலில் பார்க்கும் இடங்கள் அவைதான்.